அழகாயி அடித்த சாவுக்கொட்டு

உக்குவளைக் கடைத்தெருவில் அழகாயியின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. பதுர்தீன் முதலாளியின் கொக்கோக் கிட்டங்கியில் கொட்டை காயப்போடுகிற வேலை அவளுக்கு. முதலாளியே அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை எடுப்பார். வானம் கறுத்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி, ஆற்றங்கரைக் குடிசைகளைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னும் என்னத்தடா பாத்துக்கிட்டுக் குந்தியிருக்கீங்க? எவனாச்சும் வந்து கொட்டடிச்சுக் கூப்புடணுமா? புள்ளைகளத் தூக்கிக்கிட்டு மேல ஏறுங்கடா!"

ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்துச் சிரிப்பார்கள். பதுர்தீன் முதலாளி அவர்களை அதட்டுவார். "அந்தப் புள்ளைக்குப் பைத்தியமில்ல. கோவம். நம்மள்ல யாருக்கு அது நடந்திருந்தாலும் இந்நேரம் கோவப்படக்கூடத் தெம்பு இருந்திருக்காது" என்பார்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிதானமாக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

மாத்தளைக்குக் கிழக்கே, பல்லேகமப் பக்கம் மலை சரிந்து இறங்குகிற இடத்தில் வெட்டைப்பத்தனைத் தோட்டம் இருந்தது. பத்தனை என்றால் மரமில்லாத மலைப்புல்வெளி. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான். கிழக்கேயிருந்து புயல் வந்தால் தடுத்து நிறுத்த ஒரு மரம் கிடையாது. மழை கொட்டினால் அத்தனை தண்ணீரும் புல்லின்மேல் வழுக்கிக்கொண்டு கீழே ஓடிவரும். பத்தனைக்குக் கீழே தேயிலை, தேயிலைக்குக் கீழே தேயிலை அரைக்கிற ஸ்டோரும் சனம் குடியிருக்கிற லயங்களும், எல்லாவற்றுக்கும் கீழே ஆறு. அந்த ஆற்றோரத்தில் மட்டும்தான் கொஞ்சம் சமதரை. அதுதான் பிரட்டுக்களம். விடியற்காலையில் வேலையாட்கள் எல்லாரும் அங்கே வரிசையாக நின்று பெயர் கொடுக்க வேண்டும். கூப்பிடும்போது நிற்காதவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூலி இல்லை, அந்த நாள் அவருக்கு விடியவே இல்லை என்று அர்த்தம்.

பத்தனையின் அடியில், லயங்களுக்கு நேர் மேலே, துரைமார் ஓர் அணை கட்டியிருந்தார்கள். ஸ்டோரில் சக்கரம் சுற்றுவதற்கு அந்தத் தண்ணீர் தேவைப்பட்டது. ஸ்டோரைக் கருங்கல்லால் கட்டியவர்கள் அணையை வெறும் மண்ணால் கட்டினார்கள். ஸ்டோருக்குள் இருந்தது தேயிலை. அணைக்குக் கீழே இருந்தது சனம்தானே, அதற்கு மண் போதும் என்று நினைத்திருப்பார்கள்.

அழகாயியின் புருஷன் ஐயாவு அந்தத் தோட்டத்தின் தப்பட்டைக்காரன். அவனிடம் மூன்று கொட்டு இருந்தது. காலையில் சனத்தை எழுப்பிக் களத்துக்கு இறக்குவது பிரட்டுக்கொட்டு. மாரியம்மன் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் சாமிக்கொட்டு. யாராவது செத்தால் சாவுக்கொட்டு. தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூட எது எதுவென்று தெரியும். பெரிய கங்காணி பொன்னையா முதல் எல்லாரும் அவன் கொட்டுக்குத்தான் எழும்பினார்கள். ஆனால் பீலியில் தண்ணீர் பிடிக்க மட்டும் அவன் வீட்டாள் கடைசியில் நிற்க வேண்டும். கோயிலுக்குள் அவன் தப்பட்டைச் சத்தம் போகலாம், அவன் போகக்கூடாது. அவனுக்குக் கொடுத்திருந்த காம்பரா கடைசி லயத்தின் கடைசி அறை. ஆற்றுக்கு மிக அருகில் இருந்ததும் அதுதான்.

மழைக்காலத்தில் தப்பட்டைத் தோல் தொய்ந்துபோகும். நெருப்பில் காட்டினால்தான் அது முறுகிச் சத்தம் கொடுக்கும். தினமும் இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டி அந்தத் தோலைக் காய்ச்சிக் கொடுப்பது அழகாயியின் வேலை. பதம் பார்க்க விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் அடிப்பதைக் கேட்டுக் கேட்டு மூன்று கொட்டும் அவள் விரலுக்குள் ஊறியிருந்தது. பொம்பளை தப்பட்டை அடிப்பது வழக்கத்தில் இல்லை. அதனால் அவள் அடித்ததும் இல்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, பரிமளம். பதினாறு நிறையாத பெண். அந்த வருஷம்தான் பேர் பதிந்து கொழுந்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள். கொட்டுச் சத்தம் கேட்டதும் லயத்தில் முதல் ஆளாகக் கூடையை மாட்டிக்கொண்டு ஓடுவாள். அப்பன் அடிக்கிற கொட்டுக்குத் தான் பிந்திப்போகக்கூடாது என்று அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் அவளைக் கொன்றது.

அந்த மார்கழியில் கிழக்கே இருந்து புயல் வந்தது. பத்தனையில் காற்று ஊளையிட்டது, லயத்துத் தகரங்கள் பிய்ந்து பறந்தன, மழை விட்டுவிட்டுப் பெய்யவில்லை, ஒரே மூச்சாக ஊற்றியது. புயலின் மூன்றாம் விடியலில் பொன்னையா கங்காணி குடையும் லாந்தருமாகக் கடைசிக் காம்பராவின் வாசலுக்கு வந்து நின்றார். தானே இறங்கி அந்த வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஐயாவு, கொட்டுடா."

"ஐயா, ஆத்துல தண்ணி ஏறியிருக்குங்க. களத்து ஓரம் வரைக்கும் வந்திருச்சு. செத்த வெளுக்கட்டும்ங்க."

"அணையில மண்ணு அரிக்குதாம். தோட்டத்துச் சனம் அம்புட்டும் மம்பட்டியோட வேணும்னு துரை சொல்றாரு. என்கிட்ட நீ ஆத்தப் பத்திப் பேசாத. அடிடான்னா அடி."

அடுப்பங்கரையில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்த அழகாயி இதை முழுக்கக் கேட்டாள். கேட்டது அவளும் புருஷனும் மட்டும்தான். அவள் காய்ச்சிக் கொடுத்த தப்பட்டையை வாங்கி ஐயாவு அடித்தான். சனம் இறங்கியது. அரிக்கிற அணைக்கு நேர் கீழே, பெருகுகிற ஆற்றுக்குப் பக்கத்தில், தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்று பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தது. இதைவிட முட்டாள்தனம் உலகத்தில் உண்டா? ஆனால் அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். கொட்டு விழுந்தால் போக வேண்டும், போனால்தான் பேர். மழையா, ஆறா, அணையா என்று யோசிப்பதற்கு அவர்களை யாரும் விட்டதில்லை.

கங்காணி ஸ்டோர்ப் படிக்கட்டின்மேல் நனையாமல் நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது அணை உடைந்தது. தண்ணீர் லயங்களுக்கு ஒதுங்கி இறங்கிக் களத்தில் பாய்ந்தது; கொட்டை அடித்துவிட்டு லயத்தில் நின்ற ஐயாவும் அழகாயியும் தப்பினார்கள். பரிமளம் வழக்கம்போல முதல் வரிசையில் நின்றாள். நடு லயத்துப் பாலாமணியின் மூத்த மகனும் அவளுக்குப் பக்கத்தில் நின்றான். அந்த இரண்டு பேரும், அவர்களோடு நின்ற இன்னும் பல பேரும் களத்தோடு போய்விட்டார்கள். பரிமளத்தின் கூடை மட்டும் ஆற்றின் வளைவில் ஒரு மூங்கில் புதரில் மாட்டியிருந்தது.

விசாரணைக்கு அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி குதிரையில் வந்தார். ஸ்டோர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, சனத்தை ஏன் அந்த நேரத்தில் ஆற்றோரத்துக்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்விதான். பொன்னையா கங்காணி தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதில் சொன்னார்.

"நான் கூப்புடலீங்க. இந்த மழையில இன்னைக்குப் பெரட்டே வேணாம்னுதான் இருந்தேன். இந்தப் பய யாரையும் கேக்காம அடிச்சிட்டான். ராத்திரிக் கள்ளு இன்னும் எறங்கலபோல."

வராந்தாவுக்கு வெளியே பெண்களோடு நின்ற அழகாயி, "பொய்யி! பொய்யி! எங்க வாசல்ல வந்து நின்னு அடிடான்னு சொன்ன வாயிதான அது!" என்று கத்தினாள். பெண்பிள்ளைகளைக் கூப்பிடும்போது பேசினால் போதும் என்று அவளை இழுத்துக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். அதற்கப்புறம் அவளை யாரும் கூப்பிடவில்லை. அதிகாரி ஐயாவு பக்கம் திரும்பிக் கேட்டார். அவன் குனிந்த தலை நிமிராமல், "அடிச்சது நான்தாங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதிகாரிக்கும் அதுவே போதுமாக இருந்தது.

அன்று காம்பராவுக்கு வந்ததும் அழகாயி அவன்மேல் பாய்ந்தாள்.

"வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்த? அவன் சொன்னான்னு ஒரு வார்த்த சொன்னா என்னா?"

"சொல்லி என்னா ஆவப்போவுது புள்ள? அடிச்சது என் கைதான."

ஆட்களைச் சாகடித்தவன் என்று அவனைச் சொன்னார்கள் அல்லவா? வேறொரு தோட்டமாக இருந்தால் அவனைத் துரத்தியிருப்பார்கள், அல்லது சிறையில் போட்டிருப்பார்கள். இங்கே மறுநாள் காலையில் அவனையே பிரட்டுக்கொட்டு அடிக்கச் சொன்னார்கள். வேறு சாதிக்காரன் எவனும் அந்தத் தோலைத் தொடமாட்டானே! மகளைக் கொண்டுபோன கொட்டை மகள் போன மறுநாளே அவன் அடித்தான். அதற்கடுத்த நாளும் அடித்தான். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் ஒரு காலைகூடத் தவறாமல் அடித்தான். ஒவ்வொரு காலையும் அழகாயி அந்தத் தோலைக் காய்ச்சிக் கொடுத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

லயத்துச் சனம் அவர்களோடு பேச்சை நிறுத்தியது. பீலிக்கரையில் அழகாயி குடத்தை வைத்தால் பாலாமணி அதைக் காலால் எத்திவிடுவாள். "எம்மகன முழுங்குனவன் வூட்டுக் கொடம்" என்பாள். அழகாயி விடமாட்டாள். குடத்தை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்து, பாலாமணியின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசிவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பாள். கங்காணிதான் அடிக்கச் சொன்னார் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. யாரும் நம்பவில்லை. நம்பியிருந்தால் கங்காணிமேல் கோபப்பட்டிருக்க வேண்டும். கங்காணிமேல் கோபப்பட்டுவிட்டு அந்தத் தோட்டத்தில் எத்தனை நாள் இருக்க முடியும்? தப்பட்டைக்காரன்மேல் கோபப்பட யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. அதனால் அத்தனை கோபத்தையும் அவன் தலையில் கொட்டினார்கள். அவனும் குனிந்தபடியே வாங்கிக்கொண்டான்.

துரை அணையை மறுபடி கட்டினார். அதே இடத்தில், அதே மண்ணால். பிரட்டுக்களத்தையும் சேறு வழித்துச் சமன்செய்து அதே இடத்தில் வைத்தார்கள். மேட்டில் வைத்தால் தேயிலைக்கான இடம் குறைந்துவிடுமாம்.

சில வருஷம் கழித்து, இன்னொரு மார்கழியில், மறுபடி கிழக்கே கறுத்தது. ஐயாவு குளிர்க்காய்ச்சலில் படுத்திருந்தான். இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் இன்னும் வெளுக்காத நேரத்தில் அவள் அடுப்பில் தோலைக் காட்டிக்கொண்டிருந்தபோது, மேல் லயத்து முக்கிலிருந்து பொன்னையா கங்காணியின் குரல் வந்தது. இந்தத் தடவை வாசல் வரைக்கும் வரவில்லை.

"ஐயாவு! கொட்டுடா! அணை வேல இருக்கு, எல்லாரும் வரணும்!"

அழகாயியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஐயாவு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்தன. தப்பட்டைக்காகக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"எடு புள்ள. கங்காணி சொல்லிட்டாரு."

"அன்னைக்கும் சொன்னாரு."

"நான் அடிக்கலேன்னாலும் சனம் போவும். விடிஞ்சா அதுங்க காலு தன்னால அங்கதான் எறங்கும். நீ மறிச்சா நிக்குமா?"

அது உண்மைதான். கொட்டாமல் விட்டால் மட்டும் போதாது. போகாதே என்று அவள் லயம் லயமாகக் கத்தினாலும் அவள் பேச்சை எவன் கேட்பான்? சாகடித்தவனின் பெண்டாட்டி. பீலியில் குடத்தை எத்திவிடுகிற சனம். அவர்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டும், பிள்ளைகுட்டி, நடக்க மாட்டாத கிழடு கட்டைகள் உட்பட. அப்படி எல்லாரையும் ஒன்றாக வெளியே இழுக்கிற சத்தம் அந்தத் தோட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. சாவுக்கொட்டு விழுந்தால் பிரட்டுக்கே போகாமல் சனம் முதலில் சாவுக்குத்தான் வரும். கொட்டு நகர்ந்தால் அதன் பின்னால் போகும். சுடுகாட்டு மேடு அணையைவிட உயரம், அதற்கு ஒதுக்கான பக்கம். கங்காணிகூட அதைத் தடுத்ததில்லை.

"நீ மெதுவா சுடுகாட்டு மேட்டுக்கு ஏறு. கம்பளியப் போத்திக்க. கொட்டு நான் அடிக்கிறேன்."

ஐயாவுக்கு விளங்கிவிட்டது. காய்ச்சலைவிட அந்த எண்ணம் அவனை அதிகம் நடுக்கியது.

"வேணாம் புள்ள. சாவு இல்லாம சாவுக்கொட்டு அடிச்சா, அது நம்ம வூட்டத் தேடி வந்துரும்."

"வரட்டும். நம்ம வூட்டுக்கு அதுக்கு வழி தெரியாதா என்னா? ஏற்கெனவே ஒருக்கா வந்து எம்மகளத் தூக்கிட்டுப் போனதுதான."

அவனைத் தள்ளாத குறையாக மேட்டுப் பாதையில் ஏற்றிவிட்டு, காய்ந்த தப்பட்டையைக் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு அவள் நடு லயத்துக்கு வந்தாள். தோளில் மாட்டினாள். முதல் இரண்டு அடி சரியாக விழவில்லை. மூன்றாவது அடியிலிருந்து கை பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அவள் அடிக்கவில்லை, இத்தனை வருஷமாக அடக்கிவைத்திருந்தது அடித்தது.

லயத்துக் கதவுகள் திறந்தன. உள்ளேயிருந்து பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். யாருக்கென்றே தெரியாமல் அழுதார்கள். ஒவ்வொரு வாசலையும் தாண்டிக்கொண்டு அவள் மேட்டுப் பாதையைப் பார்த்து நடந்தாள்.

"பொம்பள கொட்டடிக்கிறாடி!"

"அவதான் அடிக்கிறான்னா ஐயாவுதான் போயிட்டான். காய்ச்சல்ல கெடந்தான்ல!"

பாலாமணி பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "போயிட்டானா? எங்கண்ணால அவன் பொணத்தப் பாக்கணும். பாத்தாத்தான் எம்மகனுக்கு ஆறும்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஏறினாள். அழகாயியின் காதில் அது விழுந்தது. அடிக்கிற கை நிற்கவில்லை. கண்ணீரும் மழையும் முகத்தில் ஓட, பின்னால் வருகிற சனத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மம்பட்டியோடு களத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஆண்களும் கொட்டுச் சத்தம் கேட்டுத் திரும்பி ஏறி வந்தார்கள். கிழடுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு காம்பராவில்கூட ஆள் மிஞ்சவில்லை.

சுடுகாட்டு மேட்டில் ஒரு கல்லின்மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஐயாவு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தான். உயிரோடுதான். சனம் அவனைப் பார்த்தது, பாடை எங்கே என்று பார்த்தது, மறுபடி அவனைப் பார்த்தது.

"யாருடி செத்தது?" பாலாமணி பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு அழகாயியின் கூந்தலைப் பிடித்தாள். "சொல்லுடி! யாரு செத்தது?"

"இன்னும் யாரும் சாவல. அதுக்குத்தான் கூட்டியாந்தேன்."

அபசகுனம் பிடித்தவள், குடிகெடுக்கிறவள் என்று நாலு பக்கமும் ஏச்சு விழுந்தது. யாரோ கல்லை எடுத்தார்கள். அதற்குள் பொன்னையா கங்காணி பிரம்பை ஓங்கிக்கொண்டு, மூச்சிரைக்க, மேட்டில் ஏறி வந்துசேர்ந்தார். களத்தில் ஓர் ஆள் இல்லையென்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"எறங்குங்கடா எல்லாரும்! வேலய நிப்பாட்டவா கொட்டடிச்ச, தேவடியா? ஒன்ன இன்னைக்குத் தோல உரிச்சு..."

பிரம்பு அவள் முதுகில் ஒரு தடவை விழுந்தது. இரண்டாவது தடவை ஓங்கியபோது பத்தனைப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. அணை நடுவில் பிளந்து, சிவந்த தண்ணீர் தேயிலையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியது. கடைசி லயம் போனது. அதற்கு மேலிருந்த லயத்தில் பாதி போனது. பிரட்டுக்களமும், இந்தத் தடவை ஸ்டோர்ப் படிக்கட்டும் சேர்ந்து போயின. கங்காணி வழக்கமாக நிற்கிற அந்தப் படிக்கட்டுத்தான். அவர் ஓங்கிய கையை இறக்க மறந்துபோய் நின்றார். அவளை அடிக்க ஏறி வந்ததால்தான் அவர் உயிரோடு நின்றார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்தது.

அன்று ஒருவரும் சாகவில்லை. அழகாயி தப்பட்டையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர்களுக்கு மிஞ்சிய சொத்து அந்தத் தப்பட்டை ஒன்றுதான்.

மறுபடியும் கச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வேறு ஆள், ஆனால் அதே நாற்காலி, அதே வராந்தா. இந்தத் தடவை கேள்வியும் வேறு. ஒருவர்கூடச் சாகாமல் இத்தனை பேரைக் காப்பாற்றியது யார், அந்த மனுஷனைக் கவர்னர் துரைக்கு எழுதிக் கௌரவிக்க வேண்டும் என்றார். லயத்துச் சனம் முழுக்க முற்றத்தில் நின்றது. ஐயாவு வழக்கம்போல எல்லாருக்கும் தள்ளி, வேலி ஓரத்தில் குந்தியிருந்தான். பெரிய துரை கங்காணியைப் பார்த்தார். கங்காணி ஓர் எட்டு முன்னால் வந்தார். கூச்சம் என்று ஒன்று இருந்தால் அந்த எட்டை வைத்திருக்க முடியாது.

"நான்தாங்க அடிக்கச் சொன்னது. அணை ஒடையும்னு எனக்கு முன்கூட்டியே பட்டுச்சு. பெரட்டுக்கொட்டு அடிச்சா களத்துக்கு எறங்கிருவாங்க, சாவுக்கொட்ட அடின்னு இவகிட்டச் சொன்னேன்."

முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் ஓங்கிய பிரம்பை அத்தனை பேரும் பார்த்தவர்கள். அதிகாரிக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. "ஒரு பெண்பிள்ளை தானாகவே அடித்ததாகவும் சொல்கிறார்களே?" என்று கேட்டார். கங்காணிக்குச் சுருக்கென்றது. குரலை உயர்த்தினார்.

"தானா அடிக்கிறதா? நல்லா இருக்கு! என் உத்தரவு இல்லாம இந்தத் தோட்டத்துல ஒரு கொட்டு விழுவாதுங்க. இன்னைக்கில்ல, நான் கங்காணியா வந்த நாள்லேருந்து விழுந்ததில்ல. வேணும்னா இவகிட்டயே கேளுங்க."

அதிகாரி அழகாயியைக் கூப்பிட்டார். முதல் தடவை அவளை யாரும் கூப்பிடவில்லை அல்லவா? இப்போது கூப்பிட்டார்கள். ஆமாம் என்றால் அவளுக்கு மேல் லயத்தில் நல்ல காம்பரா கிடைக்கும் என்று கங்காணி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். இல்லையென்றால் சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"கங்காணி சொல்லியா அடித்தாய்?" என்று அதிகாரியின் கேள்வியைப் பக்கத்தில் நின்றவர் தமிழில் கேட்டார்.

அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. கங்காணியைப் பார்த்தாள்.

"அவரு இப்ப என்னா சொன்னாருன்னு எல்லாரும் கேட்டீங்கள்ல? அவரு உத்தரவு இல்லாம இங்க ஒரு கொட்டு விழுவாதாம். ஒருநாளும் விழுந்ததில்லையாம்." அவள் குரல் ஏறவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. "அப்ப எம்மக போன அன்னைக்கு விழுந்த கொட்டு யாரு உத்தரவு, கங்காணி ஐயா?"

கங்காணி பெரிய துரையைப் பார்த்தார். தன் உத்தரவு என்றால் முதல் விசாரணையில் சொன்னது பொய். இல்லையென்றால் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சொன்னது பொய். வேலி ஓரத்தில் குந்தியிருந்த ஐயாவு எழுந்தான். விலகி நில் என்று யாரும் சொல்வதற்கு முன் சனத்துக்கு நடுவே நடந்து வராந்தாவுக்குக் கீழே வந்து நின்றான். முதல் விசாரணையில் விழுங்கியதை அன்றைக்குத்தான் துப்பினான்.

"தண்ணி ஏறியிருக்குன்னு நான் சொன்னேங்க. அடிடான்னீங்க. என் வாசல்ல நின்னு சொன்னீங்க."

பாலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்தவர்களின் வீட்டாட்கள் ஒவ்வொருவராக வராந்தாவை நோக்கி நகர்ந்தார்கள். பெரிய துரை எழுந்து அதிகாரியின் காதில் என்னவோ சொன்னார். வந்த விஷயம் அதுவல்ல என்று அதிகாரி சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, குதிரையைக் கேட்டார். அழகாயியின் கேள்வியை அவர் எழுதிக்கொள்ளவில்லை. பொன்னையா கங்காணிக்கு ஒன்றும் ஆகவில்லை, பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த வாரமே ஐயாவுக்கும் அழகாயிக்கும் சீட்டுக் கிழிந்தது. ஆனால் மறுநாளிலிருந்து சனம் பழைய களத்துக்கு இறங்கவில்லை. சுடுகாட்டு மேட்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டது. கங்காணி மூச்சிரைக்க அங்கே ஏறித்தான் பெயர் கூப்பிட வேண்டியிருந்தது.

அவர்கள் புறப்பட்ட காலையில் மழை விட்டிருந்தது. லயத்துச் சனம் பாதையோரம் வந்து நின்றது. பாலாமணி அழுதுகொண்டே ஓடி வந்து, கீழே வைத்திருந்த துணி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ரோட்டு வரைக்கும் நான் தூக்கியாறேன் அழகாயி. எங்கள மன்னிச்சிரு. எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

"தெரியாம என்னா போச்சு? பீலியில நான் தெனமும் சொன்னேனே, காதுல விழலயா?" அழகாயியின் பழைய குரல் திரும்பியிருந்தது. "சாவுக்கொட்டு கேட்டதும் என் புருஷன் பொணத்தப் பாக்க எல்லாரும் ஓடி வந்தீங்க. இத்தன வருஷம் அவன் உசுரோட அந்தக் கடைசிக் காம்பராவுல கெடந்தான். ஒருத்தி, ஒரே ஒருத்தி, வந்து எட்டிப் பாத்தீங்களா?"

பாலாமணி மூட்டையை இறக்கிக் கீழே வைத்தாள். அழகாயி அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, புருஷனின் கையைப் பிடித்து, உக்குவளைப் பாதையில் இறங்கினாள்.